சைப்ரஸைச் சைக்கிளில் சுற்றுபவர்களுக்கு

பாதை போடும் முன், எல்லையை எங்கே கடப்பது என்று முடிவு செய்யுங்கள்; மற்றதெல்லாம் அப்புறம். 1974 முதல் தீவு தெற்கே கிரேக்கர் பக்கம், வடக்கே துருக்கியர் பக்கம் என இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. நடுவில் ஐ.நா. கண்காணிக்கும் பகுதி. சோதனைச் சாவடி வழியாக மட்டுமே கடக்கலாம். தலைநகர் நிக்கோசியாவின் லெட்ரா பேலஸ் சாவடி நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் உரியது, நெரிசல் தொல்லை இல்லை. இரு பக்கமும் பாஸ்போர்ட் கேட்பார்கள். ஹேண்டில்பார் பையில் மேலாக வையுங்கள்.

வடக்கே ஊர்ப்பெயரே மாறும்: வரைபடத்தில் கிரீனியா, பலகையில் கிர்னே. இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தெற்கே யூரோ, வடக்கே துருக்கி லிரா. வண்டிகள் நம் ஊர் போல இடப்பக்கம்தான். வடகிழக்குக் கோடியான கார்பாஸ் முனையில் காட்டுக் கழுதைகள் தின்பண்டம் தேடி நெருங்கும். ரொட்டிப் பையை இறுக்கிக் கட்டுங்கள். கோடை வெயில் கடுமை; ஏப்ரலில் போங்கள்.