கையை மட்டும் மறைக்காதீர்கள்

கேரள எல்லையோரம் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறையில் 'மாயாவி' என்று சொன்னால் ஆளுக்கு ஒருவர் நினைவுக்கு வருவார். ஐம்பது தாண்டியவருக்கு அது இரும்புக்கை மாயாவி. அடுத்த செட்டுக்கு, மண்டையோட்டு மோதிரம் போட்ட ராணி காமிக்ஸ் மாயாவி. மலையாளம் மீடியம் பிள்ளைகளுக்கோ பாலரமா என்ற சிறுவர் பத்திரிகையில் வரும் குட்டிச்சாத்தான். பழைய நாயகனைத் திரும்பக் கொண்டுவருகிறேன் என்று கிளம்புகிறவர், யாருடைய மாயாவி என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். மூவரையும் கலந்தால் யாருக்கும் பிடிக்காது.

எனக்கு டி.டி.பி., ஜெராக்ஸ் கடை. சனிக்கிழமை சாயங்காலம் வாயனசாலையில் (ஊர் நூலகம்) பிள்ளைகளை வைத்துக்கொண்டு எட்டுப் பக்கக் காமிக்ஸ் போடுகிறோம். நான் எடுத்துக்கொண்டது இரும்புக்கை. பிரிட்டனின் வேலியன்ட் பத்திரிகையில் 1962-இல் தொடங்கி, 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாகத் தமிழுக்கு வந்த கதை.

தொடங்கும்போது பழைய புத்தகத்தைத் திறக்காதீர்கள். அதைப் படித்து முப்பது வருஷம் ஆனவரைப் பிடித்து, என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேளுங்கள். மாயாவியின் நிஜப் பெயரான லூயிஸ் கிராண்டேலை ஒருவர்கூடச் சொல்லவில்லை. வில்லன்களும் மறந்துபோயிருந்தார்கள். எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். நானோ முதல் தடவை புத்திசாலித்தனமாக அவனுக்குப் புது உடுப்பு மாட்டி, கையுறையும் போட்டு, எல்லாவற்றையும் சேர்த்து மறைய வைத்திருந்தேன். கடைக்கு வந்த பெரியவர் ஒருவர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "கை எங்கீங்க தம்பி?" என்றார். அன்றைக்கே எட்டுப் பக்கத்தையும் கிழித்தேன்.

அந்த ஒரு படத்தைக் காப்பாற்றிவிட்டால் மற்றதில் தாராளமாகக் கை வைக்கலாம். அதற்கு இந்தக் காலத்துப் பிள்ளைகளின் ஆட்சேபணைதான் நல்ல முதலீடு. பழைய கதையில் மாயாவி பிளக் ஓட்டையில் விரலை விட்டால் வேலை முடிந்தது. (நானும் ஐந்தாம் வகுப்பில் ஈரக் கையோடு விட்டுப் பார்த்திருக்கிறேன். மறையவில்லை. அம்மாவிடம் வாங்கிய அடிதான் மிச்சம்.) எலக்ட்ரீஷியன் மகன் ஒருவன் வரைவைப் பார்த்துவிட்டு, "மாமா, ஈ.எல்.சி.பி. டிரிப் ஆயிடுமே?" என்றான். நியாயம்தான். வீட்டில் மாட்டும் ஈ.எல்.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டை வெட்டிவிடும். கதையே அங்கே பிடிபட்டது. இன்றைய மாயாவிக்கு மறைவது சுலபமில்லை, கரண்டுக்கு அலைய வேண்டும். கோபாலபுரம் செக்போஸ்ட் பக்கம் லாரி வரிசையில் மாட்டிக்கொள்கிறான், ஊரே பவர்கட், துரத்துகிறவர்கள் பக்கத்தில் வந்துவிட்டார்கள். இரண்டு பக்கம் இதிலேயே ஓடியது. இப்படி யாராவது 'இது நடக்காதே' என்றால் சமாதானம் சொல்லாதீர்கள், அதையே கதையாக்குங்கள்.

இடைப்பட்ட வருஷங்களை மறைக்கவும் வேண்டாம். கேப்டன் அமெரிக்கா என்ற அமெரிக்கக் காமிக்ஸ் நாயகனை 1953-இல் பழைய மாதிரியே திரும்ப இறக்கினார்கள், அடுத்த வருஷமே மூட்டை கட்டினார்கள். 1964-இல் பனிக்கட்டிக்குள் உறைந்து கிடந்தவனாகக் கண்டெடுத்தபோதுதான் ஒட்டிக்கொண்டான். காரணம், தொலைந்துபோன காலமே அவனுடைய துக்கமாகிவிட்டது. இந்தத் துக்கம், கடவுச்சொல் மறந்து திண்டாடும் நம் தாத்தாவுக்கும் புரியும்.

நல்லவனாக்கவும் அவசரப்படாதீர்கள். கிராண்டேல் ஆரம்பத்தில் திருட்டுக்கும் நாசவேலைக்கும் இறங்கியவன், பிறகுதான் திருந்தினான். பிள்ளைகளுக்கு அந்தப் பகுதிதான் அதிகம் பிடித்தது.

எதைத் தூக்கி எறிவது? அடிமை மாதிரி வரையப்பட்ட துணைப் பாத்திரங்களை யோசிக்காமல் மாற்றுங்கள். மந்திரவாதி மாண்ட்ரேக்கின் உதவியாள் லோதார் 1934-இல் சிறுத்தைத் தோலும் உடைந்த ஆங்கிலமுமாக வந்தவர். 1960-களில் ஃப்ரெட் ஃப்ரெடரிக்ஸ் வரையத் தொடங்கிய பிறகு சரளமாகப் பேசினார், சாதாரண உடையும் வந்தது. மந்திரவாதியின் கதைக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை.

எழுத்து விஷயத்தில்தான் தமிழில் அதிகம் சறுக்குகிறோம். படத்தில் கதவு உடைகிறது, மேலே பெட்டியில் 'மாயாவி கதவை உடைத்தான்' என்றும் இருக்கும். அந்தப் பெட்டியை வெட்டுங்கள். நம் சொற்கள் நீளம், ஆங்கிலத்துக்கு அளவெடுத்த வசன பலூனில் அடைத்தால் எறும்பு சைஸ் ஆகிவிடும். நான் பலூனுக்குப் பத்துச் சொல்லுக்கு மேல் விடுவதில்லை. 'அடப்பாவி! இதென்ன மாயம்!' போன்ற பழைய வசனத்தில் ஒன்றை மட்டும் வைத்தேன், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள் என்பதற்காக. வில்லனின் ஆட்கள் பாதி மலையாளம் பேசுகிறார்கள். எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான்.

உரிமை விஷயம்: நாங்கள் செய்வது வாயனசாலைக்குள் நடக்கும் பயிற்சி, விற்பதில்லை. அச்சடித்து விற்க ஆசை இருந்தால் உரிமையாளரிடம் எழுதி வாங்குங்கள். இரும்புக்கை இப்போது பிரிட்டனின் ரெபெல்லியன் நிறுவனத்திடம் இருக்கிறது. இல்லையென்றால் சொந்த நாயகனைப் படைத்துவிடுங்கள்.

கடைசியில் மாயாவியையே கேள்விப்படாத ஒருவரிடம் கொடுத்துவிட்டு, வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். எங்கே நிறுத்துகிறார், எங்கே பின்னால் புரட்டுகிறார் என்று மட்டும் பாருங்கள். எங்கள் பிரதியை ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி படித்தாள். ஆறாம் பக்கத்திலிருந்து ஐந்துக்குத் திரும்பினாள், மறுபடி ஆறு. லாரித் தார்ப்பாய்க்கு மேலே மிதந்த கையை ஒரு படத்தில் மட்டும் இடது கையாக மாற்றி வரைந்திருந்தேன்.