ஜபமாலை கையில் இல்லையா? விரல் கணுக்களிலேயே 108 எண்ணலாம்

வலது கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களை வரிசையாகத் தொடுங்கள். ஒரு தொடுதலுக்கு ஒரு முறை மந்திரம். விரலுக்கு 3 வீதம் ஒரு சுற்றுக்கு 12. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் இடது கையில் ஒரு கணு நகருங்கள். அங்கே 9 ஆனதும் 108 நிறைந்துவிடும்.

ஜபத்தில் மனம் நழுவுவது பல நேரம் நமக்கே தெரியாது. நாக்கு பழக்கத்தில் ‘ஓம் நமசிவாய’ என்று ஓடிக்கொண்டிருக்கும், மனமோ அடுப்பில் வைத்த பாலிடம் போயிருக்கும். விரல் எந்தக் கணுவில் நிற்கிறது என்று குழம்பும் அந்தக் கணமே அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. உடனே அந்தச் சுற்றின் முதல் கணுவுக்குத் திரும்பினால் போதும். 108-ஐயும் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. கடிகாரம் பார்க்கும் தொல்லை இல்லை, பஸ் பயணத்திலும் செய்யலாம்.

காயத்ரி உபதேசம் பெற்றவர்கள் பலர், நடுவிரலின் கீழ் இரண்டு கணுக்களை மேருவாக, அதாவது தொடாத எல்லையாக, விட்டுவிட்டு 10 எண்ணும் கரமாலை முறையைக் கற்றிருப்பார்கள். அவர்கள் அதையே தொடரட்டும். ரமணர் காட்டிய ‘நான் யார்’ விசாரத்தில், அதாவது தன்னையே ஆராயும் தியானத்தில், அமர்பவர்களுக்கும் இந்த விரல் எண்ணிக்கை வேண்டாம். அங்கே எண்ணிக்கையே இடையூறு.