தூண்டில் வளையத்தில் பனி உறைந்தால்

நியூயார்க் மாநிலத்தின் சால்மன் ஆற்றில் ஜனவரியிலும் ஸ்டீல்ஹெட் பிடிக்கலாம். ஒன்டாரியோ ஏரியில் வளர்ந்து ஆற்றுக்குள் ஏறி வரும் ரெயின்போ ட்ரௌட்தான் அது. மீனை விட முதலில் படுத்துவது, தூண்டில் கோலின் வளையங்களில் உறையும் பனி. நூலோடு வரும் ஈரம் அங்கேயே கட்டியாகிவிடும், நூல் நகராது.

அதை விரலால் உடைக்காதீர்கள், வளையமோ கோலின் நுனியோ முறிந்துவிடும். கோலை ஆற்றில் சற்று நேரம் முக்கி வைத்தால் போதும். ஓடும் நீர் உறைநிலைக்கு மேலேதான் இருக்கும், பனி தானாகக் கரையும். கிளம்பும்முன் வளையங்களில் லிப் பாம் தடவினால் உறைவது கொஞ்சம் தள்ளிப்போகும். அடிக்கடி நூலை இழுத்துச் சுருட்டாமல், ஒரே நீளத்தை வைத்துக்கொண்டு வீசுவது இன்னும் நல்லது.

சரி, எங்கே வீசுவது? குளிரில் மீனின் உடல் இயக்கம் மந்தமாகிவிடும், இரையைத் துரத்தி வராது. ஆழமான, மெதுவாக ஓடும் மடுவில், அடித்தரையை ஒட்டி, நீரின் வேகத்திலேயே ஃப்ளை, அதாவது கொக்கியில் கட்டிய செயற்கை இரை, மிதந்து போக வேண்டும். மீன் முட்டை வடிவ ஃப்ளையும், நீர்ப்பூச்சியின் இளம்பருவம் போன்ற சின்ன நிம்ஃப் ஃப்ளையும் போதும். விடியற்காலையில் போய் விறைக்க வேண்டாம். நண்பகலுக்கு மேல் நீர் ஒரு டிகிரி சூடானாலும் மீன் கொத்தத் தொடங்கும்.

அப்புறம், திரும்ப விடப்போகும் மீனைப் புகைப்படத்துக்காக வெளியே தூக்காதீர்கள். உறைகுளிர்க் காற்றில் அதன் செவுள் சீக்கிரம் சேதமாகிவிடும். கொக்கியை நீருக்குள் வைத்தே கழற்றுங்கள்.