சவ்வை அடைத்தது எது? – என் அனுபவம்
கடலூர் சிப்காட் பகுதி ஆலையொன்றின் ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடுபரவல்) நீர்ச் சுத்திகரிப்புச் சவ்வில் நீர்வரத்து குறைந்தபோது, துண்டொன்றை வெட்டி எந்தப் பொருள் எங்கே படிந்திருக்கிறது என்று காட்டும் அகச்சிவப்பு நிறமாலைப் படமெடுத்தேன். புரதம் உறிஞ்சும் 1650, 1540 செ.மீ⁻¹ அலையெண்களில் படம் முழுவதும் புரதமாகவே தெரிந்தது. ஏமாந்தது நான்தான்: சவ்வின் மேலடுக்கே, புரதத்தைப் போல அமைடு பிணைப்புகள் கொண்ட பாலியமைடு என்பதால் அதே அலையெண்களை ஒட்டி அதுவும் உறிஞ்சும், போதாக்குறைக்கு, ஈரம் காயாத துண்டில் நீரும் 1640-ஐ ஒட்டி உறிஞ்சும். துண்டை நன்கு உலர்த்தி, பயன்படுத்தாத சவ்வின் நிறமாலையைக் கழித்துப் பார்த்தபோது, இடைவலையின் (சவ்வுத் தாள்களுக்கிடையே நீர் ஓட இடம்விடும் வலை) இழைகள் பதிந்த தடங்களை ஒட்டி, பாலிசாக்கரைடு (சர்க்கரைச் சங்கிலி மூலக்கூறு) உறிஞ்சும் 1040-இல் மட்டும் திட்டுத்திட்டாக எஞ்சியது. எரித்தால் சாம்பலாக மிஞ்சும் சிலிக்காவும் அதனருகே உறிஞ்சும் என்பதால், சுரண்டிய படிவை எரித்துப் பார்த்தேன். சாம்பல் ஏறக்குறைய மிஞ்சவில்லை, ஆகவே அது பெரும்பாலும் நுண்ணுயிர்கள் சுரந்த பாலிசாக்கரைடு. அதுவரை அமிலக் கழுவலையே முதலில் செய்துவந்தோம். இத்தகைய கரிமப் படிவை நீக்கும் காரக் கழுவலை முதலில் வைத்த பிறகு நீர்வரத்து மீண்டது.