மருத்துவரின் அறைக்குள் நுழையும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

காவிரி டெல்டாவின் எந்தச் சிற்றூர்க் கடைத்தெருவிலும், மாலை ஐந்து மணிக்கு மேல் ஒரு கிளினிக்கின் வாசலில் இருசக்கர வண்டிகள் வரிசையாக நிற்பதைக் காணலாம். பகலில் அரசு மருத்துவமனையில் பணிபுரியும் மருத்துவர் மாலையில் சொந்தக் கிளினிக்கில் உட்காருவது இங்கே பழகிப்போன ஏற்பாடு. டோக்கன் கொடுப்பவர், எடையும் இரத்த அழுத்தமும் பார்த்துச் சீட்டில் குறிக்கும் செவிலியர், ஒட்டினாற்போல் ஒரு மருந்துக்கடை, இரத்தப் பரிசோதனைக்கு ஒரு லேப் என்று நான்கைந்து பேரின் கைமாற்றத்தில் இயங்கும் சிறிய அமைப்பு அது. கூட்டம் மிகுந்த நாளில் ஒருவருக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் அதுவே அதிகம். அந்த ஐந்து நிமிடத்தில் மருத்துவர் எடுக்கும் முடிவு நாம் கொண்டுபோகும் தகவலையே பெரிதும் நம்பியிருப்பதால், பல தவறுகள் பெஞ்சில் காத்திருக்கும்போதோ, வீட்டை விட்டுக் கிளம்பும்போதோ நடந்து முடிந்துவிடுகின்றன.

மாத்திரைகளைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அடிக்கடி நடப்பதும், நடந்தது தெரியாமலே போவதும் அந்தத் தவறுதான். “என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?” என்று கேட்டால், “வெள்ளையாக, சின்னதாக இருக்கும், காலையில் ஒன்று” என்று பதில் வருகிறது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தைராய்டுக்கும் உரிய மாத்திரைகளில் வெள்ளையானவை, சின்னவை எத்தனையோ உண்டு. ஒரே மருந்து, நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு நிறத்திலும் வேறு பெயரிலும் வரும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வந்துவிடுகின்றன. அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதே நோயாளி தனியார் கிளினிக்குக்கும் போகும்போது, அரசு தரும் மாத்திரைகளைப் பற்றி அங்கே வாய் திறப்பதில்லை. “இலவச மாத்திரை சாப்பிடுகிறேன்” என்று சொல்வதில் ஏதோ ஒரு கூச்சம். விளைவு, ஒரே மருந்து இரண்டு பெயர்களில் வயிற்றுக்குள் போகிறது.

என் தந்தையாருக்கு இதுவே நேர்ந்தது. அம்லோடிபின் என்னும் இரத்த அழுத்த மருந்தை, அரசு அட்டையிலிருந்து காலையில் ஒன்றும், கடையில் வாங்கியதிலிருந்து இரவில் ஒன்றுமாக நான்கு மாதம் சாப்பிட்டிருக்கிறார். கணுக்கால் இரண்டும் வீங்கின. வீக்கம் அந்த மருந்தின் அறியப்பட்ட பக்கவிளைவு. அளவு கூடினால் அதுவும் கூடும். தெரியாமல் இருந்திருந்தால் வீக்கத்துக்கென்று நீர் பிரியும் மாத்திரை ஒன்று சேர்ந்திருக்கும், அதன் பக்கவிளைவுக்கு இன்னொன்று சேர்ந்திருக்கும். ஒருநாள் அவருடைய மஞ்சள் பையை மேசையில் கவிழ்த்துப் பார்த்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. ஆகவே பட்டியல் எழுதிக்கொண்டு போவதைவிட, வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும், மூட்டுவலிக்கு வாங்கிய தைலம், சித்த மருந்துப் பொடி, லேகியம் உட்பட, அப்படியே பையில் போட்டு எடுத்துப்போவது மேல். கடையில் நான்கு மாத்திரை மட்டும் வெட்டி வாங்கும்போது மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும் பகுதி கடைக்காரரிடமே தங்கிவிடுவதுண்டு; அந்தத் துண்டை மட்டும் எடுத்துப் போனால் மருத்துவருக்கு எந்தப் பயனும் இல்லை.

மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளில் இரத்த அழுத்த மாத்திரையைப் போடாமல் போவது இன்னொரு பழக்கம். “வெறும் வயிற்றில் போகிறோம், வந்து சாப்பிட்டுக்கொள்ளலாம்” என்பது காரணம். அங்கே பார்க்கும் அளவு 160 என்று காட்டும். மருந்து போதவில்லை என்று கருதி மருத்துவர் அளவைக் கூட்டுவார். மறுநாள் முதல் கூட்டிய மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுபவருக்குத் தலை சுற்றும். மருத்துவர் வேறு சொல்லியிருந்தாலொழிய, வழக்கமான நேரத்தில் வழக்கமான மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டே போக வேண்டும். பேருந்தை விட்டிறங்கி, வாசலில் ஒரு காபி குடித்து, படியேறிய மூச்சோடு கையை நீட்டினாலும் எண் கூடுதலாகவே வரும்; காபி குடித்து அரை மணி நேரமும், உட்கார்ந்து ஐந்து நிமிடமும் கழிந்திருக்க வேண்டும். டோக்கன் எண் நாற்பதாக இருப்பதில் உள்ள ஒரே நன்மை இதுதான்.

சர்க்கரைப் பரிசோதனையில் நடக்கும் வேடிக்கை வேறு வகை. பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் சோற்றைக் குறைத்து, இனிப்பை ஒதுக்கி, நல்ல எண்ணோடு மருத்துவர் முன்னால் உட்காருகிறவர்கள் நம்மில் ஏராளம். ஹெச்பிஏ1சி என்னும் பரிசோதனை ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைக் காட்டிவிடுவதால் அந்தச் சாமர்த்தியம் அங்கே செல்லாது. வெறும் வயிற்றுப் பரிசோதனைக்குக் குறைந்தது எட்டு மணி நேரம் தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது. சர்க்கரை போடாத காபியும் காபிதான். சாப்பிட்ட பின் எடுக்கும் பரிசோதனையில் இரண்டு மணி நேரத்தை முதல் கவளத்திலிருந்து கணக்கிட வேண்டும். அன்று வழக்கமான உணவையும் வழக்கமான மாத்திரையையும் எடுத்துக்கொண்டால்தான் மருந்து வேலை செய்கிறதா என்பது தெரியும்.

காய்ச்சல் விஷயத்தில் டெல்டாவுக்கென்றே சில செய்திகள் உண்டு. சம்பா நடவும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து வரும் மாதங்களில், சேற்றிலும் தேங்கிய நீரிலும் நாள் முழுவதும் நிற்பவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரும் வாய்ப்பு அதிகம். எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து காலின் சிறு வெடிப்பு வழியாகக் கிருமி உள்ளே புகுகிறது. கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் அதன் அடையாளங்கள். முற்றினால் மஞ்சள் காமாலையும் சிறுநீரகப் பாதிப்பும் வரும். புதரும் புல்லும் உள்ள இடங்களில் தொற்றும் உண்ணிக்காய்ச்சலில், சிகரெட் சுட்டாற்போல் ஒரு கருத்த வடு அக்குளிலோ இடுப்பிலோ தொடையிடுக்கிலோ இருக்கலாம். வலிக்காது என்பதால் நோயாளிக்கே தெரியாது, கேட்காமல் காட்டவும் மாட்டார். இரண்டுக்கும் விலை குறைந்த மருந்து இருக்கிறது, ஆனால் சந்தேகம் எழுந்தால்தானே எழுதுவார்கள்? “என்ன வேலை பார்க்கிறீர்கள்?” என்று மருத்துவர் கேட்பது பேச்சுக்காக அன்று. அவர் கேட்காவிட்டாலும் வயலில் இறங்கியதை நாமே சொல்லிவிட வேண்டும்.

காய்ச்சல் தொடங்கிய நாளையும் நேரத்தையும் எழுதிவைப்பது அதே அளவுக்கு முக்கியம். டெங்குவுக்கான என்எஸ்1 பரிசோதனை முதல் ஐந்து நாட்களுக்குள் பலன் தருவது. அதற்குப் பிறகு பார்க்க வேண்டியது ஐஜிஎம். “ரெண்டு மூணு நாளாக” என்று பொதுப்படையாகச் சொன்னால் தவறான பரிசோதனைக்குப் பணம் கட்ட நேரும். காய்ச்சல் இறங்கியதும் நிம்மதியாகி மறுமுறை போகாமல் இருந்துவிடுவது இதைவிட ஆபத்தானது, ஏனெனில் டெங்குவில் காய்ச்சல் இறங்கும் ஓரிரு நாட்களில்தான் வயிற்றுவலி, விடாத வாந்தி, இரத்தக்கசிவு போன்றவை தலைகாட்டும். உடம்புவலிக்கென்று கடையில் கேட்டு வாங்கும் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவை அந்த இரத்தக்கசிவைத் தூண்டக்கூடும். மருத்துவரைப் பார்க்கும்வரை, உரிய அளவில் பாராசிட்டமால் போதும்.

ஊசி கேட்பதைப் பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். ஊசி போடாத மருத்துவரைக் கைராசி இல்லாதவர் என்று ஊர் முடிவு கட்டிவிடுகிறது. அந்த அழுத்தத்துக்கு மருத்துவர்களும் சில சமயம் வளைந்துகொடுக்கிறார்கள். மாத்திரையை விழுங்க முடிகிற ஒருவருக்குச் சாதாரணச் சளிக்காய்ச்சலில் ஊசியால் கூடுதல் பலன் ஏதும் இல்லை. “அசதியாக இருக்கிறது, ஒரு குளுக்கோஸ் ஏற்றிவிடுங்கள்” என்பதும் அப்படித்தான்: ஐந்து சதவீதக் குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டிலில் இருக்கும் சர்க்கரை 25 கிராம், அதாவது ஐந்தாறு தேக்கரண்டி. ஒரு டம்ளர் பானகத்தில் அடங்கிவிடக்கூடிய அதை, நரம்பில் குத்தி, இரண்டு மணி நேரம் படுத்துக்கிடந்து, காசு கொடுத்து வாங்குகிறோம். வாந்தி நிற்காதவருக்கும் நீர் வற்றியவருக்கும் நரம்பு வழியே திரவம் ஏற்றுவது உயிர்காக்கும் சிகிச்சை. அதை யாருக்கு ஏற்றுவது என்பது மருத்துவரின் முடிவு.

பழைய சீட்டைக் காட்டி ஆன்டிபயாடிக் வாங்குவதும், இரண்டு நாளில் சரியானதும் மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்துவைப்பதும் எல்லோருக்கும் தெரிந்த தவறுகள். அட்டையில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால் அது மருத்துவர் சீட்டின்றி வாங்கக்கூடாத மருந்து என்று பொருள்.

கிளினிக்குக்கே போகக்கூடாத சமயங்களும் உண்டு. நெஞ்சில் பாரம், இடக்கையில் பரவும் வலி, வியர்வை என்று வந்தால் அதை ‘வாயு’ என்று சொல்லிச் சோடா குடித்து, பிறகு டோக்கன் வாங்கிக் காத்திருப்பதில் கரைவது இதயத்தசை. வாய் கோணி, ஒரு கையும் காலும் விழுந்துவிட்டால், அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் வேண்டும். இரண்டும் கடைத்தெருக் கிளினிக்கில் இல்லை. 108-ஐ அழைத்து, 1959-இல் தொடங்கிய தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியோ, திருவாரூர், நாகப்பட்டினம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளோ, எது அருகோ அங்கே நேரே போக வேண்டும். பாம்பு கடித்தாலும் அப்படியே. கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும், கீறி உறிஞ்சுவதும், பாம்பை அடித்துக் கொண்டுபோகத் தேடுவதும் வீண். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை ஆகிய நான்கின் விஷத்துக்கும் ஒரே மருந்துதான் இங்கே செலுத்தப்படுகிறது. பூச்சிமருந்து உடலில் பட்டோ வயிற்றுக்குள் போயோ வருபவருக்கு இதற்கு நேர்மாறு: டப்பாவை அவசியம் எடுத்துப்போக வேண்டும், ஏனெனில் மாற்று மருந்து அதிலுள்ள ரசாயனத்தைப் பொறுத்தது.

கடைசியாக, கூடப் போகிறவர்களைப் பற்றி. நோயாளியிடம் கேட்ட கேள்விக்கு மகனும் மருமகளும் பதில் சொல்ல, அவர் வாயே திறக்காமல் எழுந்துவிடும் காட்சியை எந்தக் கிளினிக்கிலும் பார்க்கலாம். வெள்ளைப்படுதல், சிறுநீர் கட்டுப்படாமை போன்றவற்றைக் கணவர் முன்னிலையில் சொல்லத் தயங்கும் பெண்கள் இன்னும் பலர். துணைக்கு வந்தவர் ஒரு நிமிடம் வெளியே நிற்பதில் குறைந்துபோவது ஒன்றுமில்லை. வந்த காரணங்களில் அதிகம் பயமுறுத்துவது எதுவோ அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். மூட்டுவலியில் தொடங்கி, பசியின்மையைச் சொல்லி, சீட்டை வாங்கிக்கொண்டு, வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பி, “மலத்தில் ரெண்டு தடவை ரத்தம் போச்சு டாக்டர், அது ஒண்ணும் இல்லையே?” என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டிருப்பார்கள்.