'டேக்' என்றால் எடு மட்டுமா?

திருகோணமலைக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரான நிலாவெளியில் படகு, ஓட்டோ ஓட்டுகிறவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய ஆங்கில வினை 'டேக்'. மே முதல் செப்டெம்பர் வரை வரும் பயணிகள் புறாத்தீவைக் காட்டிக் கேட்பது, 'ஹவ் லோங் டஸ் இட் டேக்?' எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதுதான். பதில் சொல்லும்போது 'இட் டேக்ஸ் டென் மினிட்ஸ்' என்று அந்த 'ஸ்' விழாமல் சொல்லுங்கள்.

கோணேசர் கோயில் வாசலில் 'ப்ளீஸ் டேக் ஓஃப் யுவர் ஷூஸ்', அதாவது சப்பாத்தைக் கழற்றுங்கள். ப்ளீஸ் இல்லாவிட்டால் அதட்டல்போல இருக்கும். 'யுவர் ஷூஸ்' என்பதை 'தெம்' என்று சுருக்கினால் அது நடுவில் வரவேண்டும்: 'டேக் தெம் ஓஃப்'. 'டேக் ஓஃப் தெம்' பிழை. பலர் சறுக்குவது இங்கேதான். விமானம் கிளம்புவதும் 'டேக் ஓஃப்' தான், அது வேறு கதை.

படம் எடுக்க, பஸ்ஸில் போக, மருந்து குடிக்க எல்லாவற்றுக்கும் டேக் போதும். மருந்துக்கு 'ட்ரிங்க்' போடாதீர்கள்.

அப்புறம், இங்கே கொண்டுவர 'ப்ரிங்', அங்கே கொண்டுபோக 'டேக்'. கன்னியா வெந்நீர்க் கிணற்றுக்குச் சவாரி கேட்டால், 'ஐ கேன் டேக் யூ டு கன்னியா' என்று சொல்லிவிட்டு வாடகையைப் பேசுங்கள்.