ஊருக்குப் போறீங்களோ? வெளிநாட்டில சொந்தக்காரர் இல்லாத வீட்டுக்கும் ஒருக்கா போயிட்டு வாங்கோ

லீவுக்கு இலங்கையில இருக்கிற ஊருக்குப் போற ஆக்கள் எனக்கு ஃபோன் எடுத்துக் கேக்கிறது அனேகமா ஒரே விசயம்தான். அங்க நிக்கேக்க யாருக்காவது உதவி செய்யவேணும், ஆனா ஆரைப் பிடிக்கிறது, எதைக் குடுக்கிறது, குடுத்தா உண்மையாப் போய்ச் சேருமோ எண்டு. நான் 2012 ல இருந்து ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா எண்டமாதிரி போய் வாறன், கொரோனா நேரம் மட்டும் போகேல்ல, செய்ததில சிலது நல்லா வந்தது சிலது பிழைச்சும் போச்சு, ரெண்டையும் சேர்த்தே எழுதுறன்.

முதல் விசயம், எந்த வீடு. எங்கட உதவியெல்லாம் பாத்தீங்களெண்டா எங்கயிருந்து சனம் வெளிநாட்டுக்குப் போச்சுதோ அந்த ஊருக்குத்தான் திரும்பிப் போகுது. ரொறன்ரோவில ஊர்ச்சங்கம் இருக்கும், லண்டன்ல பழைய மாணவர் சங்கம் இருக்கும், பள்ளிக்கூடத்துக்கு மண்டபம் கட்டியாச்சு, கோயிலுக்குக் கோபுரம் கட்டியாச்சு. அது பிழை எண்டு நான் சொல்லேல்ல, நானும் குடுத்திருக்கிறன். ஆனா கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் உள்ளுக்குப் போனா 1977 கலவரத்தோட மலையகத்தில இருந்து ஓடிவந்து குடியேறின குடும்பங்கள் இருக்கு, அவையின்ர பிள்ளையள் பேரப்பிள்ளையள் இண்டைக்கும் மற்றாக்களின்ர வயலில கூலிக்குத்தான் போகினம், கனபேருக்கு இருக்கிற காணிக்கு உறுதி கூட இல்லை. ஜெர்மனியில ஒரு மாமாவோ சுவிஸில ஒரு சித்தியோ அவைக்குக் கிடையாது. யுத்தத்தில சனம் பட்ட பாட்டில அவைக்கும் சரிபங்கு, பிறகு வந்த காசில மட்டும் பங்கு இல்லை. மட்டக்களப்புக்குப் போறவை வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரைப் பக்கம் ஒருக்கா போய்ப் பாருங்கோ, அங்கயும் இதே கதைதான். அதால நான் யாரோட கதைச்சாலும் முதல் கேக்கிறது, "இந்த இடத்தில வெளிநாட்டில ஒருத்தரும் இல்லாத வீடு எது?" எண்டுதான்.

இதை ஆரிட்டக் கேக்கிறது? கிராம சேவகரிட்ட ஊராக்களின்ர பட்டியல் இருக்கும், 2023 ல சமுர்த்தி எண்ட அரசாங்க உதவிப்பணம் போய் அஸ்வெசும வந்தபிறகு அந்தக் காசு கிடைக்காமல் விடுபட்டுப் போனவை ஆர் எண்டு அவருக்குத் தெரியும். பள்ளிக்கூட அதிபருக்கு எந்தப் பிள்ளை காலமைச் சாப்பாடில்லாமல் வருது, எந்தப் பிள்ளை கிழமையில ரெண்டு நாள் மறிபடுது எண்டு தெரியும். ஆனா என்ர அனுபவத்தில எல்லாரையும் விட உள்ளுக்கு நிலமை தெரிஞ்ச ஆள் எங்கட குடும்பநல உத்தியோகத்தர்தான், சனம் மிட்வைஃப் எண்டு சொல்லுறவை. கர்ப்பிணித் தாய்மாரையும் கைக்குழந்தையளையும் வீடுவீடாப் போய்ப் பாக்கிறவா, அவாவுக்கு எந்த வீட்டில அடுப்பு எரியேல்ல எண்டு கேக்காமலே தெரியும். அவாவிட்ட போய் "பேர் விலாசம் தாங்கோ" எண்டு நிக்காதேங்கோ, அது அவாவின்ர வேலைக்கும் சரியில்லை, அந்தச் சனத்துக்கும் மரியாதையில்லை. "நான் இப்பிடி ஒரு உதவி செய்ய யோசிக்கிறன், அவையிட்டக் கேட்டுட்டு, விருப்பம் எண்டா என்னோட கதைக்கச் சொல்லுங்கோ" எண்டு சொல்லிட்டு வாங்கோ. ஒராளின்ர சொல்லோட நிக்காமல் ரெண்டு பேரிட்டயாவது விசாரிச்சா பெரிசா ஏமாற மாட்டீங்கள்.

இனி வீட்டுக்குப் போற முறை. இது காசை விட முக்கியம் எண்டு நான் நினைக்கிறன். வான் நிறைய ஆக்களோட போய் இறங்காதேங்கோ, ஒருத்தர் இல்லாட்டி ரெண்டுபேர் காணும். கமராவை வெளியில எடுக்கவே வேண்டாம். அரிசி மூட்டையை ஒரு பக்கம் நீங்கள் பிடிக்க மற்றப் பக்கம் அந்த அம்மா பிடிக்க ஃபோட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில போட்டா, அடுத்த நாள் அவவின்ர மகள் பள்ளிக்கூடத்தில என்ன மாதிரி நிப்பாள் எண்டு யோசியுங்கோ, அங்கயும் எல்லாற்ற கையிலயும் ஃபோன் இருக்கு. கணக்குக் காட்டவேணும் எண்டா கடைப் பில்லையும் வங்கிச் சிட்டையையும் படம் எடுங்கோ, முகம் தேவையில்லை. பிளேன்ரீ தந்தா வேண்டாம் எண்டாமல் வாங்கிக் குடியுங்கோ, சீனி கடனுக்கு வாங்கியிருந்தாலும் பரவாயில்லை வாங்கிக் குடியுங்கோ, அந்த ஒரு ரீயாலதான் அவையும் உங்களுக்கு ஏதோ குடுத்தமாதிரி இருக்கும். யுத்தத்தில ஆர் செத்தவை, எப்பிடிச் செத்தவை எண்டு நீங்களாக் கிண்டாதேங்கோ. அவையளாச் சொன்னா இருந்து கேளுங்கோ, மணித்தியாலம் போனாலும் கேளுங்கோ.

2014 ல நான் ஒரு வீட்டுக்கு உலருணவுப் பொதி கொண்டு போனன், அரிசி பருப்பு சீனி பால்மா எண்டு நல்ல பெரிய பொதி. அந்த அக்கா வாங்கி ஓரமா வைச்சிட்டுக் கன நேரம் பேசாமல் இருந்தவ, பிறகு மெல்லமாச் சொன்னா "தம்பி, சாப்பாட்டை நான் எப்பிடியும் பாத்திடுவன், மூத்தவளின்ர சங்கிலி அடைவில கிடக்குது, ரெண்டு வருசமா வட்டி மட்டும் கட்டுறன்" எண்டு. அடைவுச் சீட்டை எடுத்துக் காட்டினா, கிழிஞ்ச பொலித்தீன் ஒண்டுக்குள்ள மடிச்சு வைச்சிருந்தவ. அடுத்த நாள் அவவோடயே வங்கிக்குப் போனம், முதலையும் வட்டியையும் கட்டி எடுத்தம், எனக்குச் செலவானது நான் அந்தமுறை பொதிகளுக்கு எண்டு ஒதுக்கினதில அரைவாசி கூட இல்லை. மாசாமாசம் வட்டிக்குப் போன காசு அவவுக்கு மிஞ்சத் தொடங்கினது, அதைச் சேர்த்துப் பத்துக் கோழி வாங்கினவ, அது எனக்கு அடுத்தமுறை போகேக்கதான் தெரியும். அதுக்குப் பிறகு நான் எந்த வீட்டுக்கும் பொதியோட போறேல்ல, வெறுங்கையோட போய் "இப்ப எது உங்களை நெருக்குது?" எண்டு கேட்டுட்டு, ரெண்டு நாள் கழிச்சுத்தான் திரும்பப் போறனான்.

கடன் எண்ட உடனை மைக்ரோ பினான்ஸ் கதை சொல்லாமல் விடேலாது. கிழமைக் கிழமை வாசலுக்கு வந்து காசு சேர்க்கிற லோன், ஒண்டைக் கட்ட இன்னொண்டு எடுத்து மூண்டு நாலு இடத்தில மாட்டுப்பட்ட பொம்பிளையள் வடக்கு கிழக்கில கனபேர், 2018 ல அரசாங்கம் 12 மாவட்டத்தில பெண்களின்ர ஒரு லட்சம் ரூபாய் வரைக்குமான நுண்கடனைத் தள்ளுபடி செய்யவேண்டி வந்தது எண்டா பாருங்கோ எவ்வளவு தூரம் போயிருக்கு எண்டு. இதில உதவி செய்யிறதெண்டா கையில காசைக் குடுத்துட்டு வராதேங்கோ, எல்லாக் கடன் புத்தகத்தையும் மேசையில வைச்சு எது கூட வட்டி எண்டு பாத்து, ஒரு கடனை முழுசா முடிச்சு, முடிஞ்சது எண்டு கடிதம் வாங்குங்கோ. அஞ்சு கடனுக்கும் கொஞ்சம் கொஞ்சம் கட்டினா ஒண்டும் குறையாது.

சாமான் குடுக்கிறதெண்டா அந்த ஊரில திருத்தக் கூடினதா எண்டு மட்டும் பாருங்கோ. பள்ளிக்கூடம் 6 கிலோமீற்றர் தூரம் எண்டு ஒரு பிள்ளைக்கு கொழும்பில இருந்து கியர் சைக்கிள் எடுப்பிச்சுக் குடுத்தன், வடிவான சைக்கிள், நாலு மாசத்தில கியர் உடைஞ்சு போச்சு, சந்தியில இருக்கிற சைக்கிள் கடைக்காரரிட்ட அந்தச் சாமான் இல்லை, பிள்ளை திரும்ப நடந்துதான் போனது. இப்ப லுமாலா எண்ட உள்ளூர்க் கொம்பனியின்ர லேடீஸ் சைக்கிள்தான், அதுவும் பக்கத்து ரவுணில இருக்கிற கடையில வாங்கி, கடைக்காரரோட கதைச்சு ஒரு வருசத்துக்கு ரியூப், ரயர் திருத்தக் காசை முன்கூட்டியே குடுத்துட்டு வாறன். கடைக்காரருக்கும் யாவாரம், பிள்ளைக்கும் நிம்மதி.

சக்கர நாற்காலியும் அப்பிடித்தான். இஞ்ச கனடாவில ஆஸ்பத்திரிக்குள்ள தள்ளுற சின்னச் சில்லு வைச்சது, அங்க மணல் முத்தத்தில ஒரு அடி நகராது. ஒரு வீட்டில நான் கொண்டுபோனது அப்பிடியே மூலையில நிக்குது, பிறகு கேட்டாப்போலதான் தெரியும் அந்த ஐயாவுக்கு வேண்டியிருந்தது வீட்டு வாசலில இருந்து கக்கூஸ் மட்டும் ஒரு சீமெந்துப் பாதையும், கக்கூஸுக்குள்ள பிடிக்க ஒரு கம்பியும். ரெண்டு மேசன்மார் ரெண்டு நாளில செய்து முடிச்சவை. செயற்கைக் கால் போட்டவையின்ர நிலமையும் கேளுங்கோ. யாழ்ப்பாணத்தில ஜெய்ப்பூர் கால் செய்து குடுக்கிற நிலையம் 1987 ல இருந்து இயங்குது, ஆனா கால் ஒண்டு போட்டா ஆயுளுக்கும் எண்டில்லை, தேயும், உடம்பு மெலிய இறுக்கம் மாறும், சில வருசத்துக்கு ஒருக்கா மாத்தவேணும். முல்லைத்தீவில இருந்து யாழ்ப்பாணம் 100 கிலோமீற்றருக்கு மேல, போக வர பஸ் காசு, கூட வாற ஆளின்ர ஒருநாள் கூலி, இதுக்காகவே புண்ணோட பழைய காலைப் போட்டு நடக்கிற ஆக்கள் இருக்கினம். ஒரு நாளைக்கு ஒரு ஓட்டோவோ வானோ பிடிச்சு அப்பிடி நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிக் கொண்டுவந்து விட்டாலே பெரிய காரியம், நீங்களும் கூடப் போங்கோ.

சிறுவர் இல்லத்தில பிறந்தநாள் கொண்டாடுற பழக்கத்தைப் பற்றி ஒண்டு சொல்லோணும், ஆரையும் நோகடிக்க இல்லை. உங்கட பிள்ளையின்ர பிறந்தநாளுக்கு அந்தப் பிள்ளையள் வரிசையா நிண்டு பாட்டுப் பாடி கேக் வாங்கிச் சாப்பிடுறது, ஆகஸ்ட் மாசத்தில கிழமைக்கு மூண்டுதரம் தெரியாத ஆக்களுக்கு இப்பிடி நிக்குங்கள். அங்க இருக்கிற பிள்ளையளில கனபேருக்கு தாயோ தகப்பனோ உயிரோட இருக்கினம், வறுமையாலதான் கொண்டுவந்து விட்டிருக்கினம். இல்லத்துப் பொறுப்பாளரோடயும் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்கள ஆக்களோடயும் கதைச்சு, ஒரு தாய் தன்ர பிள்ளையைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போக என்ன வேணும் எண்டு கேளுங்கோ, ஒரு தையல் மெசினும் ஆறுமாச வீட்டு வாடகையும் எண்டு மறுமொழி வரலாம். பிள்ளை வீட்டை போச்சுதெண்டா அதுக்கு மேல என்ன இருக்கு. சாப்பாடுதான் குடுக்கப்போறம் எண்டா, அம்மாவின்ர திவசம் எண்டா அந்த நாளிலயே குடுங்கோ, மற்றும்படி இல்லங்களிலயும் வயோதிபர் மடங்களிலயும் எந்த நாள் ஆரும் பதியாமல் வெறுமையாக் கிடக்கு எண்டு கேட்டு அந்த நாளை எடுங்கோ.

நாங்கள் எல்லாரும் போறது நல்லூர்த் திருவிழாவோட, ஜூலை ஆகஸ்ட். 25 நாளும் யாழ்ப்பாணம் நிறைஞ்சு இருக்கும், அந்த நேரம் வேலையும் இருக்கும் கையில காசும் ஓடும். கஷ்டம் வாறது கார்த்திகை மார்கழி மழைக்கு, கூலி வேலை நிண்டிடும், வாடைக்கடல் எண்டு கன இடத்தில தொழிலுக்குப் போகேலாது, தாழ்ந்த காணிகளுக்குள்ள வெள்ளம் வரும். 2018 மார்கழியில இரணைமடுக் குளத்தின்ர கதவு திறந்து கிளிநொச்சி, முல்லைத்தீவில எத்தினை ஊர் தண்ணிக்குள்ள நிண்டது எண்டு ஞாபகம் இருக்கும். ஆகஸ்டில நிக்கேக்கயே ஊர்க்கடைக்காரர் ஒருத்தரோட கதைச்சு ஒழுங்குபண்ணி வைச்சா, மழை தொடங்க அந்தந்த வீட்டுக்குச் சாமான் போகும். கடைக்காரர் கொப்பியில எழுதி வைச்சு பில்லை வட்ஸ்அப்பில அனுப்புவார். 2022 ல டொலர் 200 ரூபாயில இருந்து 360 க்குப் போனபிறகு நாங்கள் அனுப்புற காசு பெரிசாத் தெரியுது, ஆனா அங்க விலையும் கூடவே ஏறினது, பழைய கணக்கை வைச்சு இவ்வளவு காணும் எண்டு நினைக்காமல் ஒருக்கா சந்தைக்குப் போய் விலை கேட்டுப் பாருங்கோ.

படிப்புக்கு எண்டா, இலங்கையில கம்பஸ், அதுதான் பல்கலைக்கழகம், வரைக்கும் இலவசம்தான், பாடப் புத்தகமும் இலவசம்தான். இடறுறது ரியூசன் காசு, சப்பாத்து, பஸ், கம்பஸ் கிடைச்சா வேற ஊரில தங்கிற செலவு. வன்னிப் பிள்ளை ஒண்டு பேராதனைக்கோ மொறட்டுவைக்கோ எடுபட்டா அதுக்கு மகாபொல எண்ட அரசாங்க உதவித்தொகை கிடைச்சாலும் மாசம் முழுக்கக் காணாது. இப்பிடி ஒருத்தரைப் பொறுப்பெடுக்கிறதெண்டா எத்தினை வருசம், மாசம் எவ்வளவு எண்டு முதலே வாயால சொல்லி, வங்கியில மாசாமாசம் தானாப் போறமாதிரிப் போட்டு விடுங்கோ, நடுவில நிப்பாட்டுறது குடுக்காமல் விடுறதை விடக் கொடுமை. கணக்கு தாயின்ர பேரிலயோ பிள்ளை 18 தாண்டினா பிள்ளையின்ர பேரிலயோ இருக்கட்டும், சின்னப்பிள்ளையளின்ர சேமிப்புக் கணக்கில போட்டா 18 வயசு மட்டும் எடுக்கிறது பெரும் பாடு.

காசு இல்லை, ஆனா ஏதாவது செய்யவேணும் எண்டா, ரத்தம். இலங்கையில ரத்த வங்கிக்குப் போறது முழுக்கக் காசு வாங்காமல் குடுக்கிற ரத்தம்தான், 4 மாசத்துக்கு ஒருக்கா குடுக்கலாம். வெளிநாட்டில இருந்து போன எங்களுக்குப் பயண விபரம், மலேரியா எண்டு கேள்வியள் இருக்கும், அதை ரத்த வங்கியில கேட்டு முடிவெடுங்கோ, உங்களுக்கு ஏலாட்டி உங்கட மச்சான்மார், ஊர்ப் பெடியள் எல்லாரையும் சேர்த்து ஒரு முகாம் வையுங்கோ. என்ர தகப்பனாரின்ர முதலாவது ஆண்டுத் திவசத்துக்கு நாங்கள் அப்பிடித்தான் செய்தம், பள்ளிக்கூட மண்டபத்தில, பெரியம்மா வீட்டில இருந்து எல்லாருக்கும் ரீயும் வடையும்.

திரும்பி வந்தபிறகும் தொடர்பை விடாதேங்கோ. ஞாயிற்றுக்கிழமை அங்க இரவு 8 மணி எண்டா கோடையில இஞ்ச ரொறன்ரோவில காலமை பத்தரை, ரெண்டு பக்கமும் வீட்டில நிக்கிற நேரம். அந்தச் சங்கிலி எடுத்துக் குடுத்த வீட்டுக்கு நான் இப்பவும் எடுக்கிறனான், காசைப் பற்றி ஒண்டும் கதைக்கிறேல்ல, மழை பெய்ததோ, கோழி அடைவைச்சதோ, மூத்தவளுக்கு மாப்பிளை பாத்தது சரிவந்ததோ எண்டு கேப்பன். போன கிழமை அந்த அக்கா என்னட்டக் கேட்டா, "தம்பி, உங்க பனி விழுந்திட்டுதாம் எண்டு செய்தியில சொன்னவங்கள், பிள்ளையளுக்குத் தடிமன் ஒண்டும் இல்லையோ?"